இரண்டாம் முறை வந்தவள்

டங், டங் என்று அகப்பை பானை விளிம்பில் மோதும் சத்தம் கேட்டது. உப்புக் குவியல் மறைத்ததால் கொட்டகை தெரியவில்லை. கஞ்சி ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். ஞானசிகாமணி நடையை எட்டிப் போட்டார்.

முப்பது வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும், ஊழியம் செய்ய வேண்டும் என்று எப்சிபா சிஸ்டரிடம் வந்து சேர்ந்தார். சிஸ்டர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இந்த உப்பளத்துப் பெண்களுக்குத் தினமும் கஞ்சி ஊற்றுகிறவர். வருகிற ஞாயிறு ஆராதனையில் தலையில் கைவைத்து ஜெபித்து, ஞானசிகாமணியை வேதாரண்யத்து உப்பளத்தில் இதே ஊழியம் செய்ய அனுப்புவதாகப் பேச்சு. அனுப்பலாமா வேண்டாமா என்பதை இன்று சொல்வதாகச் சிஸ்டர் சொல்லியிருந்தார்.

அதிலேயே அவருக்குச் சந்தேகம். அவ்வளவு தூரம் எதற்கு? கழற்றிவிடப் பார்க்கிறாரோ?

வரிசைக்கு ஓரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெண்களும் அவரைக் கடைக்கண்ணால் பார்த்தார்கள்.

"யாருட்டீ இது? முதலாளி அனுப்புன ஆளா?"

"மூணு மாசமா வாராரு. ஒரு வாய் கஞ்சி குடிச்சுப் பாத்திருக்கியா? வேவு பாக்கத்தான்."

"பஸ்ஸுல செக்கரா இருந்தவராம். டிக்கெட் கேட்டாலும் கேப்பாரு. முந்தானையில முடிஞ்சு வச்சுக்கோ."

சிரிப்பு கிளம்பியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திடீரென்று வரிசையின் கடைசிக்குப் போய், அங்கே நின்றவளின் தூக்குவாளியைப் பிடித்தார்.

"நீ ஏற்கெனவே வாங்கிட்டம்மா."

"நானா? இப்பத்தான் உப்புப் பாத்தியிலேருந்து ஏறி வாரேன்."

"முதல்ல தலையில சிவப்புத் துண்டு. இப்ப பச்சை."

"ஒம்ம கண்ணுல கொள்ளியை வைக்க" என்றாள் அவள். வாளியை அவர் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

சிஸ்டர் எல்லாவற்றையும் பார்த்தார். கஞ்சி ஊற்றுவதை நிறுத்தவில்லை. அதுதான் ஞானசிகாமணியை உறுத்தியது. தன்னைச் சோதித்துப் பார்க்க அவளைச் சிஸ்டரே அனுப்பியிருப்பாரோ?

கூட்டம் கலைந்தது. சிஸ்டர் பானையைச் சாய்த்து வைத்து, தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"வேதாரண்யத்துல நான் தனியா ஒருத்தனா இருக்கணும். நெசமான தேவைக்கு வர்றவங்க யாரு, ஏமாத்த வர்றவங்க யாருன்னு எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது?"

"அதான் நல்லாப் பிரிக்கிறீங்களே. துண்டு மாத்துனது என் கண்ணுல படவே இல்லை."

கேலியா பாராட்டா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"துண்டு சும்மா ஒரு பேச்சுக்கு. நான் மூஞ்சியைப் பாக்கவே மாட்டேன் சிஸ்டர். மூஞ்சி பொய் சொல்லும். காலைத்தான் பாப்பேன். வலது கால் பெருவிரல்ல துணி சுத்தியிருந்தா. ரெண்டு தடவையும் அதே கால்."

சிஸ்டர் தேய்ப்பதை நிறுத்தினார்.

"என்ன துணி?"

"பழைய சேலைக் கிழிசல்."

"காஞ்சிருந்ததா?"

"இல்ல, நனைஞ்சிருந்தது. ஓரத்துல ரத்தம்."

"எப்படி நடந்தா?"

"குதிகாலை மட்டும் ஊணி."

"புண்ணு எவ்வளவு ஆழம்?"

"அது துணிக்குள்ள இருந்துச்சே" என்றார் அவர். 

வாளியைக் கீழே வைத்து, "வீட்டுல யாரோ பசியாக் கெடக்காங்க, அதான் ரெண்டாவது தடவை வந்தான்னு சொல்லப்போறீங்க" என்றார்.

"எனக்குத் தெரியாது. கொண்டுபோய் ஆட்டுக்கு ஊத்தினாலும் ஊத்துவா."

"அப்ப நான் பிடிச்சது தப்பில்லையே?"

சிஸ்டர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். தனக்கென்று மூடி வைத்திருந்த கஞ்சியை அந்தப் பெண் விட்டுப்போன வாளியில் ஊற்றினார். கொக்கியில் தொங்கிய மருந்துப் பையையும், ஒரு பாட்டில் நல்ல தண்ணீரையும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அவளைக் கண்டுபிடிங்க."

"முகம் ஞாபகம் இல்லையே சிஸ்டர்."

"கால் ஞாபகம் இருக்குல்ல?"

"அத்தனை பேரு மத்தியிலயா? என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுருவாளுக."

"விடுவாங்க."

அவர் பையைத் தோளில் மாட்டினார். நகரவில்லை.

"ஞாயித்துக்கிழமை என்னை அனுப்புறீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லிருங்க."

"உப்புல நின்ன புண்ணு அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமா?"

சிஸ்டர் உட்கார்ந்து, நாரை எடுத்து, பானையின் அடியைத் தேய்க்கத் தொடங்கினார்.