எட்டுக் கல் மூக்குத்தி

முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டிய வேலாயுதம், ஓய்வு பெற்ற பிறகு எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்றுக்கொண்டிருந்தார். ஆசிரியை ரெஜினாவுக்கு அவருடைய மகள் வயதுதான்.

முதலில் வரைய விரும்பியது மனைவி பொற்கொடியை. விடியுமுன் வண்டி எடுத்து இருட்டிய பின் வீடு திரும்பியவர் அவர். அந்த முகத்தைப் பகலில் நிதானமாகப் பார்த்ததே குறைவு.

"ரெண்டு ஞாயிறு உட்காருவேன். பிடிச்சிருந்தா மூணாவது" என்றாள் பொற்கொடி.

முதல் ஞாயிறு வகுப்பில், ரெஜினா சொன்னபடி வேலாயுதம் பெரிய தூரிகையால் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் மெல்லிதாகப் பூசினார். "முடியட்டும், காட்டுறேன்" என்று துணியால் மூடிவிட்டார். ஒரு வாரத்தில் அது காய்ந்தது.

இரண்டாம் ஞாயிறு அதன்மேல் சின்னத் தூரிகையோடு குனிந்தவர், நான்கு மணி நேரம் நிமிரவில்லை. புருவத்தில் ஒவ்வொரு முடி. மூக்குத்தியில் எட்டுக் கல்.

"இப்ப வந்து பாரு."

பொற்கொடி பார்த்தாள்.

"மூக்குத்தி என்னோடது. மூஞ்சி உங்க அக்காவோடது."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன். அடுத்த வாரம் அவங்களையே கூட்டிட்டு வந்து உட்கார வைங்க." பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வேலாயுதம் ரெஜினா பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நான் எதை விட்டேன்? ஒரு முடிகூட விடலையே!"

ரெஜினா வண்ணம் குழைக்கும் மழுங்கிய கத்தியை எடுத்து, படத்தின் நெற்றியிலிருந்து தாடைவரை வழித்தாள்.

"ஐயோ, டீச்சர்!"

ஈர வண்ணம் சுருண்டு செய்தித்தாளில் விழுந்தது. மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். அடியில் காய்ந்திருந்த பூச்சு மட்டும் நின்றது. நெற்றியில் சிறிது வெளிச்சம், கன்னத்தில் நிழல், இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த தலை.

சத்தம் கேட்டுப் பொற்கொடி திரும்பி வந்தாள். படத்தின் முன் நின்றாள்.

"ஏங்க, இது நான்தானே? கடைசி பஸ் வந்துட்டுதான்னு காது கொடுக்கும்போது இப்படித்தான் தலையைச் சாய்ப்பேன்."

"அப்படியா சாய்ப்பே?"

"முப்பது வருஷமா."

பையைக் கீழே வைத்துவிட்டு அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேலாயுதம் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை எப்ப வரைஞ்சீங்க, டீச்சர்?"

"போன ஞாயிறு நீங்க வரைஞ்சது, சார். நான் மூக்குத்தியை மட்டும்தான் எடுத்தேன்."