நீர்நாய் தேடிய நீச்சல் பாடம்

ஒரு காட்டாற்றின் கரையில், மருத மரத்து வேருக்கடியில், நீலாத்தா என்ற நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். மூத்தவன் துடியன். தன் மீனைத் தானே பிடிக்கிற வயசு. நடுவுள்ளவள் கெண்டை. கரையோரத் தண்ணீரில் அளைவாள். கொஞ்சம் ஆழம் தெரிந்தால் திரும்பி ஓடி வந்துவிடுவாள். கடைக்குட்டி துளி. கண் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவள் இன்னும் ஆற்றில் கால் நனைத்ததில்லை.

நீர்நாய்க் குட்டிக்கு நீச்சல் பிறவியிலேயே வருமென்று நாம் நினைக்கிறோம். வராது. தாய்தான் பழக்க வேண்டும். அதற்கு அந்தக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாய் குட்டியின் பிடரியைக் கவ்வுவாள். ஆற்றில் இறங்குவாள். விட்டுவிடுவாள். குட்டி கத்தும், தண்ணீர் குடிக்கும், மூழ்கும். தாய் தூக்குவாள், மறுபடி விடுவாள். மூத்த குட்டிகள் சுற்றிலும் நீந்தி முதுகு கொடுக்கும். அழுது முடிப்பதற்குள் குட்டி மிதந்துவிடும். அவ்வளவுதான் பாடம்.

நீலாத்தாவுக்கு அந்த வழக்கமே பிடிக்காமல் போயிற்று. போன கோடையில் அவள் புருஷன் மீன்வலையில் சிக்கிச் செத்துப்போனான்.

"முரட்டுத்தனமாக் கத்துக்கிட்ட மனுஷன்! யாராவது முறையாச் சொல்லிக் குடுத்திருந்தா வலையைப் பார்த்திருப்பார்!" என்று அவள் சொல்லிச் சொல்லி அழுதாள்.

வலை எல்லாரையும்தான் பிடிக்கும். முறையாகப் படித்தவனையும் பிடிக்கும். ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் அதை யார் சொல்வது? ஒருவரும் சொல்லவில்லை. தன் பிள்ளைகளையாவது முறையாகப் படிக்க வைக்க வேண்டும் என்று அவள் மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அதே கரையில் கொஞ்சம் தள்ளி, கொக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. துடியனையும் கெண்டையையும் அங்கே அனுப்பிப் பார்த்தாள். கொஞ்ச நாள் கழித்து இரண்டும் வீட்டு வாசலில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"என்னடா இது கூத்து?"

"மீன் வர்ற வரைக்கும் இப்படித்தான் நிக்கணும்மா! அசைஞ்சா வாத்தியார் கொத்துவார்!"

"நீர்நாய்க்கு எதுக்குடா ஒத்தக்கால்? போதும்! நாளையிலிருந்து பாடம் வீட்டிலதான். உங்க ஒவ்வொருத்தருக்கும் அளவெடுத்த மாதிரி ஒரு பாடம் நான் தேடிக் கொண்டு வர்றேன்!"

இதுவரை அவள் செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

அதே மருத மரத்தின் உச்சியில் காலைதோறும் ஒரு குயில் வந்து உட்காரும். பிள்ளை வளர்ப்பைப் பற்றி உபதேசம் செய்யும். காட்டுத் தாய்மார்கள் கீழே கூடி நின்று கேட்பார்கள். தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் போட்டுவிட்டுப் பறந்துபோகிற குயிலுக்குப் பிள்ளை வளர்ப்பில் என்ன தெரியும்? அதை ஒருத்தியும் கேட்கவில்லை. குரல் அவ்வளவு இனிமை! நீலாத்தாவும் போய் நின்றாள்.

"குயிலக்கா, எனக்கு மூணு புள்ளைங்க. மூணும் மூணு வயசு. எந்தப் பாடம் வைக்கட்டும்?"

"மூணு வயசா? அப்போ மூணு பாடம் வேணுமே! ஒண்ணாப் போட்டுக் குழப்பினே, மூத்தவன் மழுங்கிப் போவான், சின்னது மிரண்டு போகும்!"

"ஐயையோ! அப்போ சின்னவளுக்கு என்ன பண்றது?"

"செவிப்பாடம்! ஒரு பருவம் முழுக்க ஆத்துச் சத்தத்தைக் கேட்கட்டும். தண்ணியைத் தொடவே கூடாது. காது பழகிட்டா உடம்பு தானாப் பழகிடும்!"

நீலாத்தாவுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஓடிவந்து துளியை வளை வாசலில் உட்கார வைத்தாள்.

"அசையாம ஆத்தைக் கேளு கண்ணு!"

துளி கேட்டாள். கொஞ்ச நேரத்தில், "கேட்டுட்டேன்மா. இறங்கட்டுமா?" என்றாள்.

"இன்னும் கேளு!"

கெண்டைக்கு ஆமையிடம் பாடம் கிடைத்தது. ஆமை மெதுவாகத்தான் பேசும். அதனாலேயே அது சொல்வதெல்லாம் ஆழமாகத் தோன்றும். "அவசரப்படக் கூடாதும்மா. முதல் படி, பயம் வந்தா கழுத்தை உள்ள இழுத்துக்கணும். அதுல தேறின பிறகுதான் காலை ஆட்டறது" என்றது. கெண்டைக்கு முதுகில் ஓடு ஏது? இருந்தாலும் அம்மா சொல்லிவிட்டாளே என்று காலை முதல் மாலை வரை கழுத்தைத் தோளுக்குள் இழுத்து இழுத்துப் பழகினாள். கரையோரத் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தவள், அதையும் விட்டுவிட்டாள்.

துடியனுக்கு மீன்கொத்தியின் பாடம். கிளையிலிருந்து தலைகுப்புறப் பாய வேண்டும். தினமும் வீட்டுக்கு மீன் கொண்டு வந்து போட்டவன், இப்போது பாறையில் இடித்த மூக்கில் ரத்தத்தோடு வந்தான்.

"அம்மா, எனக்குத்தான் மீன் பிடிக்கத் தெரியுமே!"

"தெரிஞ்சா போதுமா? முறையாத் தெரியணும்டா!"

ஒரு தாய், மூன்று பாடம். ஒன்றுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனால் மற்ற இரண்டும் சும்மா கிடந்தன. அவளுக்கு இடுப்பு ஒடிந்தது. எல்லாருக்கும் ஒரே பாடமாக ஏதாவது இருக்காதா என்று மறுபடி தேடினாள். தவளையிடம் ஒரு பாடம் இருந்தது. பெரியவன் அதைக் கேட்டுச் சிரித்தான். நண்டிடம் இன்னொன்று இருந்தது. நடுவுள்ளவள் பக்கவாட்டில் நடந்தாள். அதை விட்டாள், இதைப் பிடித்தாள், இதை விட்டு மறுபடி அதற்கே போனாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். வளைக்கு முன்னால் அகலமாக ஆறு ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தப் பக்கமாகச் சேற்றில் புரளப் போன காட்டுப்பன்றி ஒருத்தி, பின்னால் வரிசையாய்க் குட்டிகளோடு வந்து நின்றாள்.

"என்ன நீலாத்தா, கடைக்குட்டி இன்னும் காய்ஞ்சு கிடக்கு? பிடரியைப் புடிச்சு இறக்கு புள்ள! மேற்கால மலை கறுத்துக்கிட்டு வருது. புதுவெள்ளம் வந்தா உன் வளைதானே முதல்ல முழுகும்?"

நீலாத்தாவுக்குச் சுருக்கென்றது. "உங்கள மாதிரி வதவதன்னு பெத்துப் போட்டு, பின்னாடி வந்தா வரட்டும்னு போறவ இல்லைக்கா நான்! என் புள்ளைங்களுக்கு யோசிச்சுத்தான் செய்வேன்!"

"நான் வதவதன்னுதான் பெத்தேன். ஆனா எது தேறும் எது தேறாதுன்னு எனக்குத் தெரியும். நீ யோசி!" என்று சொல்லிவிட்டுப் பன்றி போய்விட்டாள்.

ஒருநாள், நெடுந்தூரத்திலிருந்து ஒரு நாரை புதுப் பாடத்தோடு வந்திறங்கியிருக்கிறது என்று குயில் சொல்லிற்று. நீலாத்தா விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது வளை வாசலில் துளியைக் காணோம். திரும்பி ஆற்றைப் பார்த்தாள்.

கரையோரம் துடியன் நீந்திக்கொண்டிருந்தான். அவன் முதுகில் துளி! நழுவினாள், மூழ்கினாள், மூக்கால் முட்டி மேலே தள்ளினான் அண்ணன். பக்கத்தில் கெண்டையும் கழுத்தை நீட்டிக் காலடித்துக்கொண்டிருந்தாள். மூன்றுக்கும் ஒரே சிரிப்பு. கொக்குப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

"அம்மா! இங்க பாரு! நான் மிதக்கிறேன்!" என்று கத்தினாள் துளி. நிஜமாகவே ஒரு கணம் மிதந்தாள்.

தாய் தேடித் தேடி அலைந்த பாடம் அது. மூன்று வயசுக்கும் சேர்த்து ஒரே பாடம். காசில்லாமல், குருவில்லாமல், தன் வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது. நீலாத்தா என்ன செய்தாள் தெரியுமா? தண்ணீரில் பாய்ந்து துடியனின் கன்னத்தில் ஒரு அறை விட்டாள்!

"யாரைக் கேட்டுடா இறக்கினே? ஒரு பருவம் தண்ணி படக் கூடாதுன்னு நான் காவல் காக்கிறேன், எல்லாத்தையும் கெடுத்துட்டியே! தப்பாப் பழகிட்டா அப்புறம் திருத்தவா முடியும்?"

"அம்மா, அவளுக்கு வந்துடுச்சும்மா! நாளைக்கும் ஒரு தரம் விட்டா..."

"வாயை மூடு! உன் பாடம் வேற, அவ பாடம் வேற! இனிமே இவகிட்ட நீ வரவே கூடாது. போ, மேலாத்துக் கிளைக்குப் போய் உன் பாடத்தைப் பாரு!"

துளியைக் கவ்விக்கொண்டு போய் வாசலில் போட்டாள். குட்டி உடம்பெல்லாம் நனைந்து, விம்மி விம்மி ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்பில்லாதவளா நீலாத்தா? இல்லை. அன்பு அவளுக்குக் கொள்ளாமல்தான் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மலையில் மழை கொட்டியது. காட்டில் நல்ல வெயில். அதனால் வெள்ளம் வருகிறதென்று யாருக்கும் தோன்றவில்லை. பகலில், எல்லாரும் விழித்திருக்கும்போதே, செந்நிறமாய் நுரைத்துக்கொண்டு வந்தது. குயில் பறந்து போயிற்று. ஆமை ஓட்டுக்குள் போயிற்று. துடியன் அம்மா சொன்னபடி மேலாற்றுக் கிளையில் பாய்ச்சல் பழகிக்கொண்டிருந்தான்.

வளைக்குள் தண்ணீர் ஏறியது. கரை மண் கரைந்து விழுந்தது. பின்பக்கமும் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. அக்கரைப் பாறைக்கு நீந்திப் போய்ச் சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நீலாத்தாவுக்கு ஒரு வாய். கரையில் நீந்தத் தெரியாத குட்டிகள் இரண்டு.

துளியைக் கவ்வினாள். "அம்மா! என்னை விட்டுட்டுப் போகாதே!" என்று கெண்டை அலறினாள். துளியை ஒரு வேரின் மேல் வைத்துவிட்டுக் கெண்டையைக் கவ்வினாள். "அம்மா!" என்றாள் துளி. கெண்டையை விட்டாள். சின்னவள் கனமில்லை, அவளைத் தூக்கலாமா? பெரியவளை விட்டால் பயத்திலேயே செத்துவிடுவாளே, அவளைத் தூக்கலாமா? இங்கே ஓடினாள், அங்கே ஓடினாள். எடுத்த குட்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தால், திரும்பி வந்து இன்னொன்றையும் எடுத்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. அந்த நேரமெல்லாம் போய்விட்டது.

பெரிய அலை ஒன்று வந்து வேரோடு குட்டிகள் இரண்டையும் அடித்துக்கொண்டு போயிற்று.

பயம் வந்ததும் கெண்டை பாடத்தை மறக்கவில்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். கல்லாக மூழ்கினாள். மேலாற்றிலிருந்து வெள்ளத்தோடு வெள்ளமாக நீந்தி வந்த துடியன் அவளைப் பிடிக்கப் பார்த்தான், பிடரி அகப்படவில்லை. கடைசியில் காதைக் கடித்து இழுத்துக்கொண்டு பாறைக்குப் போய்ச் சேர்ந்தான். காது பாதி கிழிந்துவிட்டது, உயிர் தங்கியது.

துளி மூழ்கவில்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி நாலு காலையும் அடித்தாள். சுழலுக்கு நடுவில் கொஞ்ச தூரம் மிதந்தாள். பின்னால் நீந்திய நீலாத்தா அதைக் கண்ணாரப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பழகியிருந்தால் குட்டி கரையேறியிருக்கும். எட்டிக் கவ்வுவதற்குள் அந்தச் சின்னக் கால்கள் ஓய்ந்துவிட்டன. அப்புறம் வெறும் செந்தண்ணீர்தான் ஓடியது.

வெள்ளம் வடிந்தது. குயில் எங்கிருந்தோ திரும்பி வந்து மரத்தில் உட்கார்ந்தது.

"மனசைத் தேத்திக்கோ நீலாத்தா! ரெண்டு பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குன்னே அருமையான பாடம் ஒண்ணு இருக்கு. கேக்கறியா?"

கீழே துடியன், கிழிந்த காதுக்குப் படாமல் கெண்டையின் பிடரியை மெல்லக் கவ்வினான். ஆற்றை நோக்கி நடந்தான். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை.

நீலாத்தா பின்னாலேயே ஓடினாள். "துடியா! நானும் வரட்டுமாடா? நானும் கூட இருந்து சொல்லித் தர்றேன்டா!"

துடியன் தங்கையைக் கீழே வைத்தான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"வேண்டாம்மா. நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இவளும் போயிடுவா!"

இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள். தாய் கரையில் நின்றாள்.

உள்ளதில் உயர்ந்த பாடத்தைத்தான் தருவேன் என்று பருவத்தைத் தொலைத்து, பிள்ளைகள் தங்களுக்குள் கற்றுக்கொள்வதையும் தடுக்கிறவர்களுக்குப் பாடமும் கைகூடாது, பிள்ளையும் மிஞ்சாது.