கடைசிப் பாத்திக்குப் போன தண்ணீர்

ஓர் அரசு வேளாண் பல்கலைக்கழகம். சின்னது, எல்லாரும் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஆளுக்கொரு வெண்டைப் பாத்தி கொடுத்து, காயை எடை போட்டு மதிப்பெண் தருவார்கள். மனப்பாடம் செய்து பாஸாகிறவர்களின் பாச்சா அங்கே பலிக்காது.

விதி கண்டிப்பானது. அடுத்தவர் பாத்தியில் கை வைத்தால் இருவருக்கும் பூஜ்யம்; அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். தண்ணீர் ஒரே வாய்க்காலில் வரும். அவரவர் முறைக்கு மோட்டார் ஓடும். அவரவர் மடையைத் திறந்து பாய்ச்சிக்கொள்ளலாம். ஆள் இல்லையென்றால் அந்த முறைக்கு மோட்டார் ஓடாது.

வாய்க்காலின் கடைசிப் பாத்தி இசக்கியம்மாளுடையது. அதற்கு முந்தியது அறைத்தோழி நஸ்ரீனுடையது. செடிகள் பூக்கும் சமயத்தில் இசக்கியின் அம்மாவுக்கு அவசர ஆபரேஷன் என்று போன் வந்தது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவள் திறந்த மடையை அடைக்கவும் மறந்து, போட்டது போட்டபடி ஓடினாள்.

நல்லவேளை, அம்மா பிழைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால், கருகியிருக்க வேண்டிய பாத்தி பச்சைப்பசேலென்று நிற்கிறது. நஸ்ரீன் தன் முறைகளில் பெரும்பாலானவற்றை விட்டுக்கொடுத்திருந்தாள். மோட்டார் ஓடும்போது தன் மடையைத் திறக்காமல் வரப்பில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் நேரே கடைசிப் பாத்திக்குப் போய்விடும். அவளுடைய செடிகள்தான் இளைத்துப்போயின.

"ஏட்டி, மேடத்துட்ட மூச்சு விட்றாத, கேட்டியா. ரெண்டு பேருக்கும் முட்டைதான்," என்றாள் நஸ்ரீன். இசக்கியும் வாக்குக் கொடுத்தாள்.

எடை போட்ட நாளில் இசக்கிக்கு எண்பது, நஸ்ரீனுக்கு நாற்பத்தைந்து வருமென்று தெரிந்தது. பாஸுக்கு நாற்பது போதும். பேராசிரியர் ரெஜினா எழுதப் போகையில் இசக்கிக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், எம் பாத்தில பாஞ்சது அவ தண்ணி," என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். நஸ்ரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். பேராசிரியர் பேனாவை மூடினார்.

ஒருத்தி தோழிக்காகத் தண்ணீரை விட்டாள். இன்னொருத்தி வாக்கை மீறி அவளையும் சேர்த்து மாட்டிவிட்டாள். இதில் யார் செய்தது சரி? பேராசிரியர் பூஜ்யம் போடத்தான் வேண்டுமா?

விடை: வேண்டாம். நஸ்ரீன் அடுத்தவள் பாத்தியில் கை வைக்கவில்லை. தன் மடையைத்தான் திறக்கவில்லை. தன் பங்கைத் தான் விட்டுக்கொடுக்க எந்த விதியும் தடை சொல்லவில்லை. ஆகவே எண்பதும் நாற்பத்தைந்தும் அப்படியே நிற்கும். இசக்கி செய்ததும் சரிதான். வாயை மூடியிருந்தால் இருவரும் செய்யாத தப்புக்குப் பயந்தே படிப்பை முடித்திருப்பார்கள். நஸ்ரீனுக்கு நாலு மதிப்பெண் கூட்டிப் போடலாமே என்பீர்கள். பேராசிரியரும் கேட்டுப் பார்த்தார். "வேண்டாம் மேடம், குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும்," என்றாள் அவள்.