நெல் தின்ற மரக்கால்

கோணவயல் ஊரில் அறிவுக்குப் பஞ்சமே வந்ததில்லை. எடுத்துச் செலவழித்தால்தானே பஞ்சம் வரும்?

அங்கே வெள்ளத்தாயி என்றொருத்தி இருந்தாள். எதற்கெடுத்தாலும் கவலைப்படுவாள். அந்தக் கவலையால்தான் ஊரே விதைநெல்லைப் பொங்கித் தின்ற வருஷம்கூட, அவள் வீட்டுக் குதிரில் மட்டும் நாற்பது மரக்கால் நெல் பத்திரமாக இருந்தது.

ஒருநாள் அரண்மனைக் கணக்கர் வந்தார். "ஊர் வளரவே இல்லையே! கடன் வாங்கியாவது பெரிய வேலை ஒன்று எடுத்துச் செய்யுங்கள். நாலு பேர் கையில் நெல் புழங்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே நாட்டாமை பூவலிங்கம் வெள்ளத்தாயி வீட்டு வாசலில் நின்றார். கூடவே அவருக்கு யோசனை சொல்லும் உடையப்பன்.

"தாயி, ஊருக்குக் களஞ்சியம் கட்டப்போறோம். உன் நெல்லைக் கடனாக் குடு. நாற்பதுக்கு நாற்பத்துநாலாத் தர்றோம்."

"அது விதைநெல்லு அண்ணே. மழை வந்தா விதைக்கணுமே."

"விதைச்சா விளையும். விளைஞ்சதை எங்க வைப்ப?"

அவளுக்குப் பகீரென்றது. இத்தனை வருஷக் கவலையில் இந்தக் கவலையை எப்படி விட்டாள்? இருந்தாலும் கேட்டாள்: "விதை இல்லாம எப்படிண்ணே விளையும்?"

"அது வெள்ளாமைப் பேச்சு. நாங்க பேசறது களஞ்சியம்" என்றான் உடையப்பன்.

நெல் போனது. கணக்கர் சொன்னபடி நாலு பேரை எண்ணி வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நெல்லைப் பொழுது சாயும்வரை புழங்கவிட்டு, பிறகு வெளியூர்க் கொத்தனாருக்கு அளந்தார்கள். அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். களஞ்சியம் எழும்பியது. கதவில் 'ஆயிரம் மரக்கால் கொள்ளும்' என்று எழுதினார்கள். மிஞ்சியது கால் கூடை நெல்.

மழை கொட்டியது. ஏரி நிரம்பியது. வெள்ளத்தாயி ஓடினாள்.

"அண்ணே, ஈரம் காயறதுக்குள்ள என் நெல்லைக் குடுங்க!"

பூவலிங்கம் கூடையைப் பார்த்தார். "உடையப்பா, நெல்லு கம்மியா இருக்கே?"

"நெல்லு கம்மியா இல்லீங்க. மரக்கால்தான் பெரிசா இருக்கு."

சபை ஒரு பகல் முழுக்க யோசித்தது. கடைசியில் நெல் அளக்கும் பழைய மரக்காலைக் கோயில் பரணில் ஏற்றிவிட்டு, இனி கொட்டாங்குச்சிதான் மரக்கால் என்று தமுக்கடித்தார்கள். கால் கூடை நெல் ஐந்து மரக்கால் ஆனது. ஊரே துள்ளியது. அன்று மாலை வந்த உப்புக்காரி, முன்பு ஒரு மரக்கால் நெல் கேட்ட உப்புக்குப் பத்து மரக்கால் கேட்டாள்.

"வெளியூர்க்காரிக்குப் பேராசை" என்றார் பூவலிங்கம். "நம்மகிட்ட இன்னும் நிறைய இருந்தாத்தான் சமாளிக்க முடியும்."

மறுநாள் புன்னைக்கொட்டை ஓடு மரக்கால் ஆனது. உப்பு விலை ஆயிரம் மரக்கால் ஆனது. கோணவயல் உப்பில்லாமல் சாப்பிட்டது. ஆனால் கடன் அடைந்தது. வெள்ளத்தாயி கண்ணெதிரிலேயே நாற்பத்துநாலு ஓடு அளந்து, அவள் இரண்டு கையிலும் கொட்டினார்கள். அவளும் எண்ணினாள். ஒன்று குறையவில்லை.

வயலில் தூவியபோது பாய் விரிக்கிற இடத்தோடு விதை தீர்ந்துவிட்டது. வயல் வளர்ந்துவிட்டதோ என்று அவளுக்குக் கவலை. ஊர்த் தண்ணீர் முழுக்க அந்தப் பாயளவு இடத்துக்கே பாய்ந்ததில் பயிர் செழித்தது. அறுத்து ஓட்டால் அளந்தார்கள். இரண்டாயிரம் மரக்கால்! கோணவயல் காணாத விளைச்சல்.

பூவலிங்கம் களஞ்சியக் கதவைப் பார்த்தார். "களஞ்சியம் ஆயிரந்தானே கொள்ளும்? கதவுல எழுதியிருக்கே! தாயி, இன்னொன்னு கட்டணும். இந்த நெல்லையும் கடனாக் குடு."

வெள்ளத்தாயி இந்த முறை உஷாராக இருந்தாள். "தர்றேன். போன தடவை மாதிரி பெரிய மரக்கால்ல அளந்து எழுதிக்குங்க."

பரணிலிருந்து பழைய மரக்காலை இறக்கி அளந்தார்கள். ஒன்று. இரண்டு. நெல் தீர்ந்துவிட்டது.

"இப்பத்தானே இரண்டாயிரம் இருந்தது?" என்றார் பூவலிங்கம். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு எங்கடா போச்சு?"

உடையப்பன் மரக்காலின் வாயை உற்றுப் பார்த்தான். "எவ்வளவு பெரிய வாய் பாருங்க! இதுதான் தின்னுருக்கு."

மரக்காலைக் கைது செய்து களஞ்சியத்தில் அடைத்துப் பூட்டினார்கள். அந்தக் கட்டிடத்துக்குள் முதன்முதலாகப் போன சரக்கு அதுதான். காவலுக்கு வெள்ளத்தாயியை வைத்தார்கள். அவளைவிடக் கவலையோடு காவல் காக்க யாரால் முடியும்? கூலியாக இரண்டாயிரம் மரக்கால், ஓட்டால் அளந்து. எதிரிலிருந்த நெல் அப்படியே அவள் மடிக்கு வந்தது. ஊர் அவளுக்குத் தரவேண்டிய கடனும் வட்டியும் தனியாக நின்றன.

வெள்ளத்தாயிக்கு மனசு நிறைந்தது. அடுத்த மழைக்கு விதை இருக்கிறது. ஆனாலும் அவளுக்கு ஒரு கவலை. இரண்டாயிரம் தின்று பழகிய மரக்கால், உள்ளே பட்டினி கிடந்தால் பாவமில்லையா? தினமும் பொழுது சாய, ஒரு பிடி விதைநெல்லைக் கதவிடுக்கில் போட்டுவந்தாள்.

விடிந்து பார்த்தால் நாலு எலிப்புழுக்கை கிடக்கும்; நெல் ஒரு மணிகூட மிச்சமிருக்காது. ஊரும் வந்து பார்த்து, மரக்கால் நெல் தின்பது உண்மைதான் என்று உறுதிசெய்துகொண்டது.