இளவரசி அள்ளிய மூன்று சிறங்கை

முன்னொரு காலத்தில், உப்பும் நெல்லும் ஒருங்கே விளைந்த நெய்தலங்காடு என்னும் கடலோர நாட்டைக் கோதைமாறன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்ன தீர்ப்பை மாலையில் மாற்றுவான், மாலையில் மாற்றியதை மறுநாள் மறந்துவிடுவான். ஆகவே, அமைச்சர் கண்ணந்தையாருக்கு நாட்டை நடத்துவதைக் காட்டிலும் அரசனுடைய மனத்தை நடத்துவதே பெரும்பாடாய் இருந்தது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. முற்றம் பெருக்குவோர், தண்ணீர் சுமப்போர், விளக்குத் துடைப்போர் ஆகிய எளிய வேலைக்காரர்களுக்கு நாள் கூலி மூன்று சிறங்கை அரிசி. இரு கைகளையும் சேர்த்துக் குவித்து அள்ளினால் அது ஒரு சிறங்கை. அள்ளிப் போட வேண்டியவர் பொக்கிஷத் தலைவர். அரசனின் கொள்ளுப்பாட்டனார் இம்முறையை வகுத்தபோது அப்பதவியில் இருந்தவர் மற்போர் பழகியவராம்; கைகள் முறம் முறமாய் இருக்குமாம். இப்போதிருந்த தனஞ்சயருக்கோ பூனைக்குட்டியின் பாதம் போன்ற கைகள். போதாக்குறைக்கு விரலுக்கு விரல் மோதிரம்.

நவராத்திரி தொடங்கிய அன்று, முற்றம் பெருக்கும் மாடத்தி தன் துடைப்பத்தைக் கொண்டுவந்து அமைச்சரின் காலடியில் வைத்தாள். அரிசி ஒரு வேளைக் கஞ்சிக்கே போதவில்லை என்றும், விஜயதசமி கழிந்ததும் அயல்நாட்டு உப்பளத்துக்குப் போய்விடப் போவதாகவும், அங்கே பிள்ளைகளும் வேலை செய்தால்தான் ஆளெடுப்பார்கள் என்றும் சொன்னாள்.

"ஆசைப்பட்டுப் போகலை ஐயா. இந்த முற்றத்துல தவழ்ந்த பிள்ளைகளை உப்புல இறக்கப் போறேன்" என்றாள்.

அமைச்சர் மறுநாளே அவையில் கூலி உயர்வைப் பற்றிப் பேச்செடுத்தார்.

அமைச்சர் எதைச் சொன்னாலும் மறுப்பதே தனஞ்சயரின் வழக்கம். அன்று அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பெருக்குவதற்கு என்ன படிப்பு வேண்டும், குடம் தூக்க எந்தக் குருவிடம் பயில வேண்டும் என்று கேட்டு அவையைச் சிரிக்கவைத்தார்.

பிறகு, "அரசே, கூலியை ஏற்றினால் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் ஐந்து பேரைத்தான் வைத்துக்கொள்ள இயலும். மற்ற ஐவர் வீட்டு அடுப்பை அமைச்சர் போய் ஊதுவாரா?" என்றார்.

அது தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று என்பதை அமைச்சர் உணர்ந்தார். ஆயினும், கூலி போதாமல் ஆட்கள் தாமாகவே குறைந்து வருவதையும், கிணற்றடியில் பாசி ஏறிக் கிடப்பதையும் எடுத்துச் சொன்னார். கொள்ளுப்பாட்டனார் காலத்தில் இதே கூலியில் ஒரு குடும்பம் இரு வேளை உண்டதையும் நினைவூட்டினார்.

"இன்று குறைத்தது யார்?" என்று சீறினார் தனஞ்சயர். "அன்றும் மூன்று சிறங்கை, இன்றும் மூன்று சிறங்கை."

"அள்ளும் கை மாறியிருக்கிறதே, தலைவரே."

"கை யாருடையதானால் என்ன? சிறங்கை என்றால் சிறங்கைதான்."

அமைச்சர் பணிவோடு தலைதாழ்த்தினார். அதையே சட்டமாக்கிவிட்டால் வாதம் இத்தோடு முடியும் என்றார். கிளிகளுக்குப் பழம் ஊட்டும் நேரம் தவறிக்கொண்டிருந்ததால், அரசனும் அப்படியே ஆணையிட்டு எழுந்துபோனான். தனஞ்சயர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

விஜயதசமி வந்தது. அதிகாரிகளுக்கு ஆண்டு வெகுமதியை அரசன் வழங்கும் நாள் அது. பொக்கிஷத் தலைவருக்குரியது மூன்று சிறங்கைப் பொற்காசு. அரசனே தன் அகன்ற கைகளால் அள்ளிக் கொடுப்பான். அமைச்சர் அரசனின் காதருகே குனிந்து, ஆண்டு நிறைந்து நடை பழகிவிட்ட இளவரசி இந்நன்னாளில் அள்ளிக் கொடுத்தால் எத்துணை மங்கலம் என்றார். மகள் என்றால் உருகிவிடும் அரசன் மறுபேச்சில்லாமல் தலையசைத்தான்.

தனஞ்சயர் தலையணை உறை போன்ற பட்டுப் பையோடு வந்து நின்றார். குழந்தை பொற்காசுத் தட்டுக்குள் கைவிட்டது. முதற் சிறங்கையில் இரண்டு காசு தேறின. இரண்டாவதில் ஒன்று. மூன்றாம் முறை எடுத்த காசு நேரே வாய்க்குள் போயிற்று. செவிலித்தாய் அதைப் பிடுங்கிப் பைக்குள் போடுவதற்குள் குழந்தை வீறிட்டு அழுதது.

தனஞ்சயர் பையைக் குலுக்கிப் பார்த்தார். "அரசே, இது குழந்தையின் கை" என்றார்.

"சட்டம் தங்களுடையதுதான், தலைவரே" என்றார் அமைச்சர்.

அவையில் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். அரசனும் சிரிக்கத்தான் வாயெடுத்தான். ஆனால் அவன் பார்வை பையைப் பற்றியிருந்த தனஞ்சயரின் சிறிய கைகளின் மேல் விழுந்தது. அதுவரை அவன் அக்கைகளைப் பார்த்ததே இல்லை. சிரிப்பு அடங்கிற்று.

"என் கொள்ளுப்பாட்டனார் கொடுத்ததை நான் கொடுக்கவில்லை. அது எனக்கே தெரியாமல் போயிற்று" என்றான்.

அந்தக் கணமே வெண்கலம் வார்க்கும் கன்னாரை அழைத்துத் தன் இரு கைகளையும் விரித்துக் காட்டினான். அக்கைகள் கொள்ளும் அளவுக்கு ஒரு வெண்கலப் பாத்திரம் வார்க்க வேண்டும். இனி அதுவே சிறங்கை. ஆண்டுதோறும் இந்நாளில் அந்த அரிசி ஒரு குடும்பத்துக்குப் போதுகிறதா என்று அவை விசாரிக்க வேண்டும்; போதாவிட்டால் பெரிய பாத்திரம் வார்க்க வேண்டும். வேலைக்காரரில் ஒருவரையும் நீக்கக் கூடாது.

"அவ்வளவு அரிசிக்கு எங்கே போவது, அரசே?" என்றார் தனஞ்சயர் ஈனக் குரலில்.

"அதிகாரிகளின் பொற்காசை இனி என் மகளே அள்ளுவாள். மிச்சமாவதில் நெல் வாங்குங்கள்."

"அமைச்சருக்கும் அப்படித்தானே?"

"எனக்கும்தான். இளவரசியின் கை வளராமலா போகும்?" என்றார் கண்ணந்தையார். தம் பங்காக இளவரசி அள்ளிப் போட்ட ஐந்து காசையும் மகிழ்ச்சியோடு மடியில் முடிந்துகொண்டார்.

பாத்திரம் வார்த்து ஆறும்வரை தன் கைகளாலேயே அள்ளுவதென்று அரசன் களஞ்சியத்துக்கு நடந்தான். மூட்டை கட்டிக்கொண்டு, வேலையை விட்ட நாளின் பாக்கிக் கூலிக்காக நின்றிருந்தாள் மாடத்தி. முதற் சிறங்கையிலேயே அவள் முந்தானை கனத்தது. மூன்றாவதற்கு இடம் போதாமல், பயணத்துக்குக் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து, துணிகளைக் கீழே கொட்டிவிட்டு அந்தச் சீலையை ஏந்தினாள்.

பிறகு அமைச்சரிடம் திரும்பி, "ஐயா, என் துடைப்பத்தை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.