நாற்காலிக்கு முன்னால் இரண்டு குழி

"மாஸ்டர், இனிமே நாற்காலியில உட்காருன்னு சொல்லிட்டாங்க. என்னால ஆகாதுங்க."

எங்கள் மில் கூடைப்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்த திருமூர்த்தி பையோடு வந்திருந்தான். ராஜபாளையம் பக்கம் ஒரு மில் இன்னும் ஒரு வருஷம் ஆடக் கூப்பிட்டிருந்தது. சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுவதாக இருந்தான்.

சென்னியப்பன் மாஸ்டர், பையன்கள் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மண் தரைதான். தண்ணீர் தெளித்து, உருளை உருட்டி, சுண்ணாம்பில் கோடு போட்ட பிறகுதான் கூடைப்பந்து. இப்போது சிமெண்ட் போட்டுவிட்டார்கள். சௌகரியம்தான், யார் இல்லையென்றது? அந்த ஈர மண் வாசனை இல்லாமல் எனக்கு ஆட்டம் பார்த்த மாதிரியே இல்லை.

எங்கள் ஊரில் பந்து போட்டே சம்பளம் வாங்கிய முதல் ஆள் மாஸ்டர். பேருக்கு மில்லில் குமாஸ்தா. பேனாவைத் தொட்டது சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான்.

"கூடையில பந்து போட்டாக் கூலியா? நல்லாருக்குது நாயம்" என்று ஊர் சிரித்தது. சிரித்த ஊர்தான் மதில்மேல் ஏறி நின்று அவர் ஆட்டத்தைப் பார்த்தது.

முழங்கால் போனதும் அதே மைதானத்தின் ஓரத்தில் ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்களையெல்லாம் ஆளாக்கியது அந்த நாற்காலியிலிருந்துதான். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. அதன் பிறகு அந்த நாற்காலி திருமூர்த்திக்கு என்று மில்லில் முடிவு செய்திருந்தார்கள்.

அந்த நாற்காலிக்கு முன்னால் தினமும் இரண்டு குழி விழுந்திருக்கும். காலையில் அதை மூடுவது புதிதாகச் சேர்ந்தவன் வேலை. திருமூர்த்தியும் ஒரு வருஷம் மூடினான். மில் நாய்தான் தோண்டுகிறது என்று அதைத் திட்டிக்கொண்டே மூடினான். கல்லெடுத்து அடித்ததும் உண்டு.

மாஸ்டர் இப்போது அவன் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, காலு போயிருச்சா?"

"காலு நல்லாத்தானுங்க இருக்குது. வயசாயிருச்சுன்னு மேனேஜர் சொல்றாரு."

"நாற்காலி கடிக்குமா?"

"வெளிய உட்கார்ந்து பார்க்க நெஞ்சு வேகுதுங்க. நீங்க எப்படி மறந்தீங்க?"

"எதை?"

"ஆட்டத்தைத்தானுங்க."

மாஸ்டர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கேன்டீன்ல ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும் பசங்களைப் பாத்துக்க. சும்மா எதுக்கு நிக்கிற, உட்காரு."

திருமூர்த்தி பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கண் மில் வாசலிலேயே இருந்தது. பஸ் அங்கேதான் நிற்கும்.

பையன்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆட ஆரம்பித்தார்கள். குட்டையாக ஒருவன், பந்தைத் தட்டிக்கொண்டே வந்தவன், இடதுபக்கம் வழி திறந்திருந்தும் நின்றுவிட்டான்.

"போ" என்றான் திருமூர்த்தி, வாய்க்குள்.

அடுத்த தடவை சத்தமாகவே சொன்னான். பையன் போனான். பந்து பலகையில் பட்டுத் திரும்பியது. திருமூர்த்தியின் பை மடியிலிருந்து உருண்டு விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

மாஸ்டர் ஒரு டீயை எவ்வளவு நேரம் குடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் குடித்துவிட்டு வந்தார். பஸ் வந்து, நின்று, போயிருந்தது.

"எப்படி ஆடறானுங்க?"

"அந்தக் குட்டையன் நல்லா வருவானுங்க. இடதுபக்கம் போறதுக்குத்தான் பயப்படறான். நாளைக்குக் காலையில அவனை மட்டும் தனியா..."

திருமூர்த்தி நிறுத்தினான். மாஸ்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனும் குனிந்து பார்த்தான்.

உருளை உருட்டிச் சமன் செய்த ஈர மண்ணில், அவன் கால்களுக்குக் கீழே, இரண்டு குழி. ஷூ நுனியெல்லாம் சேறு.

காலாலேயே மண்ணைத் தள்ளி ஒரு குழியை மூடினான். பிறகு கேட்டான்.

"அப்ப அந்த நாயிங்க மாஸ்டர்?"

"பாவம்" என்றார் மாஸ்டர். "அது இந்தப் பக்கமே வந்ததில்ல."