கோமகனுக்கு வந்த வெட்கம்

ஒரு காலத்தில், ரொம்ப முந்தின காலமெல்லாம் இல்லை, மதுரை புறவழிச்சாலையில் சுவரெல்லாம் கண்ணாடியாக ஒரு கார் ஷோரூம் இருந்தது. அதன் நட்டநடுவில், முகம் தெரிகிற பளிங்குத் தரையில், கோமகன் என்றொரு கார் நின்றது. வண்டி எங்காவது பேசுமா என்று கேட்காதீர்கள். ஓட்டத் தெரியாதவனெல்லாம் வண்டியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும்போது, வண்டி தன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசக் கூடாதா என்ன?

கோமகன் லேசுப்பட்ட குடும்பத்துப் பிள்ளை இல்லை. அறுபது வருஷத்துப் பரம்பரை. ஆலை முதலாளியும் நீதிபதியும் மடாதிபதியும் ஏறி இறங்கிய வம்சம். கன்னங்கரேலென்ற நிறம், நீளமான முன்பக்கம், மூக்கின் மேல் சின்னதாய் ஒரு வெள்ளிக் கிரீடம். பின்சீட்டு நாற்காலி உயரத்துக்கு இருக்கும். ஏறுகிறவர் குனிய வேண்டாம், நிமிர்ந்தபடியே உட்காரலாம். வாசலில் கோமகன் நிற்கிற வீடு என்றால் மறுபேச்சில்லாமல் பெண் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

அதெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது வருகிறவர்கள் கோமகனை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார்கள், "கம்பீரம்!" என்பார்கள், அப்படியே நழுவி, பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் மினுக்கிக்கொண்டு நிற்கும் சிட்டுவிடம் போய்விடுவார்கள். சிட்டுவும் அதே கம்பெனி வண்டிதான். நேற்றுப் பிறந்தது.

"எங்க மாமனாருக்குச் சரியா இருக்கும்," என்றான் ஒருத்தன்.

"ரிட்டையர் ஆனப்புறம் பாத்துக்கலாம்," என்றான் இன்னொருத்தன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து வயதுப் பெண் ஒருத்தி கோமகனின் கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்துவிட்டு, ஷோரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாளே ஒரு கேள்வி: "அப்பா, இதுல யாரு செத்துப் போனாங்க?"

அமரர் ஊர்தி என்று நினைத்துவிட்டாள் போல. அப்பா அவள் வாயைப் பொத்தினார். பொத்திக்கொண்டே அவரும் சிரித்தார். காவலாளி சிரித்தார், தரை துடைக்கிற அக்கா சிரித்தாள். விற்பனையாள் இளம்பரிதி மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தான். அவன் அப்படிப் பார்த்ததுதான் கோமகனுக்கு இன்னும் வலித்தது. நாலு சக்கரமும் தரைக்குள் புதைந்துவிடக் கூடாதா என்று இருந்தது.

"பெரியப்பா, மனசுல வச்சிக்காதீங்க," என்றது சிட்டு. "சின்னப் பிள்ளை, தெரியாமக் கேட்டிருச்சு."

"பெரியப்பான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

"சரிங்க பெரியப்பா."

அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. தீபாவளிக்குள் இந்த ஊரில் ஒரு கோமகனாவது விற்க வேண்டும். விற்கவில்லையென்றால் அந்தப் பெயரையே கம்பெனி தலைமுழுகிவிடும். இனி சிட்டு மட்டும்தான். இளம்பரிதி போனைக் கீழே வைத்துவிட்டு, "போச்சுடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

இந்த நேரத்தில்தான் ரெஜினா அம்மாள் வந்தாள். தூத்துக்குடிக்காரி. புருஷன் செபஸ்தியானுக்கு அங்கே பேக்கரி, மக்ரூனுக்குப் பேர் போன கடை. நாற்பது வருஷம் அடுப்பு முன்னால் நின்ற மனிதருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார். அம்மாள் சிட்டுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கோமகனின் பின்கதவைத் திறந்தாள். ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கொண்டு மூன்றாம் முறையும் ஏறிப் பார்த்தாள்.

கதவோரத் தூணில், ஏறுகிறவர் பிடித்துக்கொள்ளத் தடித்த தோலில் ஒரு கைப்பிடி உண்டு. கோமகன் வம்சத்தில் மட்டும் உள்ளது. அதை இழுத்துப் பார்த்தாள், தொங்கியும் பார்த்தாள்.

"யய்யா, இதுதான் எனக்கு வேணும்," என்றாள் இளம்பரிதியிடம். "இப்ப வார கார்ல எல்லாம் எங்க வீட்டுக்காரரைக் குப்புறக் கவுத்துத்தான் உள்ள தள்ளணும். டாக்ஸியில ஏத்தி இறக்குதுக்குள்ள எனக்கு உசிரு போயிருது. அதனால கோயிலுக்குக்கூட வாரதில்ல மனுஷன். இதைப் பிடிச்சா அவங்களே ஏறிக்கிடுவாங்க, யாரும் தூக்க வேண்டாம். மூணு வாரத்துல நடக்க விடுதேன்னு டாக்டர் சொல்லிருக்காரு. கூட்டிட்டு வாறேன். அவங்க ஒருதரம் ஏறிட்டாப் போதும், வாங்கிருவோம்."

அவள் போனதும் கைப்பிடிக்கு ஒரே குதூகலம். "கேட்டியா கோமகா? அந்தம்மா என்னைப் பிடிச்சுத் தொங்குனாங்கப்பா! பொறந்ததுலேர்ந்து என்னைத் தேடி ஒருத்தரும் வரலை. நீ பொழைச்சே போ!"

கோமகன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லையே! தீபாவளிக்குள் போய்விடலாம் என்று அதற்கும் புரிந்தது. ஆனாலும் கடைசியில் தன்னைத் தேடி வந்தது ஒரு முட்டி ஆபரேஷன்தானா? அந்தச் சின்னப் பெண் கேட்ட கேள்வியை இந்த அம்மாளும் வேறு மாதிரி சொல்லிவிட்டுப் போனது போல் இருந்தது அதற்கு.

"மெதுவாப் பேசு," என்றது கைப்பிடியிடம். "சிட்டுக்குக் கேக்கப் போவுது."

இரண்டு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து நிகிலா என்ற பெண் வந்து இறங்கினாள். கம்பெனியின் பேரையும் தோற்றத்தையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வேலையில் கெட்டிக்காரி, கெட்டவளில்லை. இளம்பரிதி அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மேடம், ஒரு பார்ட்டி இருக்காங்க. அவங்க வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேஷன். இந்த வண்டி அப்படியே இருந்தா..."

"அதுதான் பிரதர் நம்ம பிரச்சினையே," என்றாள் நிகிலா. "கோமகன்னாலே ஆஸ்பத்திரியும் அறுபதாம் கல்யாணமும் ஞாபகம் வருது ஜனங்களுக்கு. ஒரு வயசானவருக்கு வித்தா, பத்து இளவட்டம் ஓடிப்போகும். இதை ஆளே அடையாளம் தெரியாம மாத்தணும்."

ஆளே அடையாளம் தெரியாமல்! அந்த வார்த்தையைக் கேட்டதும் கோமகனுக்கு அமிர்தம் குடித்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் பட்டறைக்குப் போனது. கறுப்புப் போய்க் கிளிப்பச்சை வந்தது. வெள்ளிக் கிரீடம் கழன்றது. வண்டியை நாலு விரல்கடை தாழ்த்தினார்கள், சீட்டை இன்னும் இரண்டு விரல்கடை இறக்கினார்கள், பாய்கிற புலி மாதிரி தெரிய வேண்டுமாம். சத்தமே போடாத எஞ்சினுக்கு உறுமல் சத்தம் வரும் ஸ்பீக்கர் ஒன்றையும் கட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கோமகன் வாயெல்லாம் பல்லாக நின்றது.

எல்லாம் முடிந்து நிகிலா கடைசியாகச் சுற்றிப் பார்த்தாள். பின்கதவைத் திறந்தாள். கைப்பிடியைத் தொட்டாள்.

"இது இருக்கட்டும் மேடம்," என்றான் இளம்பரிதி அவசரமாக. "உள்ளதானே இருக்கு, வெளியே தெரியாது."

"ம்... சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அவள்.

கைப்பிடி பெருமூச்சு விட்டது. "பாத்தியா, என்னை விட்டுட்டாங்க! அந்தம்மா வருவாங்க கோமகா, வந்து முதல்ல என்னைத்தான் தேடுவாங்க."

இங்கேதான் கோமகன் அந்தக் காரியத்தைச் செய்தது. சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்? கைப்பிடியைத் தூணோடு சேர்க்கும் மரையை அது உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் தளர்த்தியது. அவ்வளவுதான். நிகிலா கையை எடுக்கும்போது, பிறந்த நாளிலிருந்து ஒரு சத்தமும் போட்டிராத கைப்பிடி, "கிரீச்" என்றது.

"ஐயே! இதென்ன கிழட்டுச் சத்தம்?" என்று முகம் சுளித்தாள் நிகிலா. "இதையும் கழட்டிடுங்க."

கைப்பிடி ஒரு கணம் திகைத்துப் போயிற்று. பிறகு அதற்குப் புரிந்தது. "கோமகா... அது நான் இல்லை. நீதானே?"

கோமகன் பட்டறைக் கண்ணாடியில் தன் பச்சையைப் பார்த்துக்கொண்டது.

"நான் என்னப்பா உனக்குக் கெடுதல் செஞ்சேன்? ஏறுறவங்களுக்குக் கை கொடுத்தேன், அதானே?"

ஸ்பானர் வைத்து இரண்டு சுற்றில் கழற்றிவிட்டார்கள். இரண்டு ஓட்டையையும் பச்சை மூடி போட்டு அடைத்தார்கள். கைப்பிடி எங்கே போயிற்று என்று கோமகன் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

ஷோரூமுக்குத் திரும்பி வந்தபோது சிட்டு வாயைப் பிளந்தது. "அடேயப்பா! யாருண்ணே நீங்க? ஊருக்குப் புதுசா?"

அண்ணே என்றது! கோமகனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு முழுக்க அதே நினைப்பில் மிதந்தது. கைப்பிடி இருந்த இடத்தில் மட்டும் பிடுங்கின பல்லிடுக்கு மாதிரி ஒரு குறுகுறுப்பு. பழகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

சொன்ன சொல் தவறாமல் மூன்று வாரம் கழித்து ரெஜினா அம்மாள் வந்தாள். கூடவே செபஸ்தியான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. கையில் பூண் போட்ட புதுக் கைத்தடி. அதைத் தரையில் டக் டக்கென்று ஊன்றி, திருவிழாவுக்கு வந்தவர் மாதிரி வந்தார். "பிறத்தியார் கை படாம நானே நடந்து வாறேன் பாத்தியாட்டி?" என்று மனைவியிடம் பெருமை வேறு.

"பாத்தேன், பாத்தேன். அங்க ஏறி உக்காந்து காட்டுங்க, அப்பறம் பீத்திக்கிடலாம்," என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "யய்யா, அந்தக் கறுப்பு வண்டி எங்க?"

இளம்பரிதி கோமகனைக் காட்டினான். "இதாம்மா அது. கொஞ்சம்... புதுசு பண்ணியிருக்கோம்."

அவள் கோமகனைப் பார்த்தாள். அடையாளமே தெரியவில்லை. எதற்காக இத்தனை நாள் ஏங்கியதோ அதுதான் நடந்தது. ஆனால் அந்தப் பார்வையின் கீழ் நிற்க கோமகனால் முடியவில்லை.

"நெறம் எதா இருந்தா என்ன, ஏறிப் பாப்போம்," என்றார் செபஸ்தியான். யாரையும் சங்கடப்படுத்தத் தெரியாத மனுஷன்.

இளம்பரிதி கதவைத் திறந்தான். செபஸ்தியான் தடியைக் கதவில் சாய்த்துவைத்துவிட்டு, மனைவி வீட்டில் நூறு தடவை சொல்லிக்கொடுத்தபடி, வலது காலை உள்ளே வைத்து, இடது கையைத் தூணை நோக்கி நீட்டினார்.

கை காற்றைப் பிடித்தது. வழவழப்பான பச்சை மூடியைத் தடவியது. இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் கீழே. எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்று அந்த விரல்கள் தேடின. தேடித் தேடி அவை தன் மேல் ஊர்ந்ததைக் கோமகன் உணர்ந்தது. அது தன் பலத்தையெல்லாம் திரட்டி ஒரு விரல் உயரமாவது எழும்பப் பார்த்தது. தாழ்த்திய வண்டி எப்படி எழும்பும்?

சீட்டு இருக்கும் என்று அவர் நம்பின இடத்தில் சீட்டு இல்லை. அது அரைச் சாண் கீழே இருந்தது. முட்டி மடங்கவில்லை. கால் வழுக்க, செபஸ்தியான் பளிங்குத் தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ மாதாவே!" என்று ரெஜினா அம்மாள் ஓடினாள். காவலாளியும் இளம்பரிதியும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஷோரூமில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை.

"கைப்பிடி ஒண்ணு இருந்துச்சே!" ரெஜினா அம்மாள் தூணைத் தடவிப் பார்த்தாள். "நான் தொங்கிப் பாத்தேனே! எங்கய்யா அது?"

இளம்பரிதி மறுபடி தரையைப் பார்த்தான். கோமகனுக்குத் தெரியும். நான்தான் கழற்ற வைத்தேன் என்று சொல்ல வேண்டும். என் வெட்கத்துக்காக என்று சொல்ல வேண்டும். ச்சே! இதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

செபஸ்தியான் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. யார் கண்ணையும் பார்க்காமல், கோமகனின் பச்சைக் கதவைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிச்சுக்கிடுங்க தம்பி. வண்டில ஒரு கோளாறும் இல்ல. நல்ல வண்டி. எனக்குத்தான் வயசாயிட்டு. இங்கெல்லாம் நான் வந்திருக்கக் கூடாது."

ரெஜினா அம்மாள் எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பாள். இப்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, போவோம்," என்றாள், அவ்வளவுதான்.

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு இளைஞர்கள் கோமகனைச் சூழ்ந்துவிட்டார்கள். ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். "மச்சான், இது கோமகன்டா! நம்பவே முடியல. செம யூத்தா இருக்கு! நாளைக்கே அப்பாவக் கூட்டிட்டு வந்து புக் பண்றேன்."

"கேட்டீங்களா அண்ணே?" என்றது சிட்டு. "இனிமே உங்களை யாரும் கிழடுன்னு சொல்ல மாட்டாங்க. பேரும் பொழைச்சிருச்சு!"

கோமகன் கேட்கவில்லை. அது கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே செபஸ்தியான், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கைத்தடியை மனைவியின் சேலைக்குப் பின்னால் ஒளித்துக் கொடுத்துவிட்டு, கால் வலியே இல்லாதவர் போல வெறுங்கையோடு நடந்து காட்டிக்கொண்டிருந்தார்.